கார்லைல், 1907: பந்தை வானில் ஏற்றிய பருவம்

1907 அக்டோபர் 26, சனிக்கிழமை. பிலடெல்பியாவின் பிராங்க்ளின் ஃபீல்டு மைதானத்தில் இருபதாயிரம் பேருக்கு மேல் திரண்டிருந்தார்கள். அந்தப் பருவத்தில் அதுவரை தோல்வியே காணாத பென்சில்வேனியா பல்கலைக்கழக அணி ஒரு பக்கம். கார்லைல் என்ற சிற்றூரிலிருந்து ரயிலேறி வந்த பூர்வகுடி மாணவர்கள் மறுபக்கம். ஆட்டம் தொடங்கி இரண்டாவது முறை பந்து நகர்ந்தபோது, கார்லைலின் பீட் ஹவுசர் அதை மார்போடு அணைத்துக்கொண்டு கூட்டத்துக்குள் பாயவில்லை. பக்கவாட்டில் நகர்ந்து, கையை உயர்த்தி, எறிந்தார். பந்து எதிரணியினரின் தலைக்கு மேலே ஏறத்தாழ நாற்பது கெஜம் பறந்து, வேகம் குறையாமல் ஓடிக்கொண்டிருந்த வில்லியம் கார்ட்னரின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. அந்த ஒரு எறிதல் கார்லைலின் முதல் டச்டவுனுக்கு, அதாவது பந்தைக் கோல்கோட்டைத் தாண்டிக் கொண்டுபோய்ப் புள்ளி எடுப்பதற்கு, வழி திறந்தது. ஆட்டம் முடிந்தபோது கணக்கு 26-6.

அமெரிக்கக் கால்பந்தை இன்று தொலைக்காட்சியில் பார்க்கிறவர்களுக்கு இதில் வியப்பதற்கு ஏதுமில்லை. ஒருவர் எறிய, தொலைவில் இன்னொருவர் பாய்ந்து பிடிப்பதுதான் அந்த ஆட்டத்தின் உயிரே. 1907இல் அப்படியில்லை. பந்தை முன்னோக்கி எறியலாம் என்று விதி வந்தே ஓராண்டுதான் ஆகியிருந்தது. கிழக்குக் கடற்கரையின் பெரிய பல்கலைக்கழகங்கள் அதை வேறு வழியில்லாதபோது கையாளும் குறுக்குவழியாகவே நினைத்தன. கார்லைல் அதை ஆட்டத்தின் நடு அச்சாக மாற்றிக் காட்டியது. எப்படி மாற்றியது, யார் மாற்றினார்கள், அந்தப் பெருமை பிறகு யாருக்குப் போனது என்பதைத் தொடர்ந்து பார்த்தால் விளையாட்டைத் தாண்டிய ஒரு வரலாறு கிடைக்கிறது.

முதலில் அந்தப் பள்ளியைப் பற்றி. கார்லைல் கல்லூரியே அல்ல. பென்சில்வேனியா மாநிலத்தில், கைவிடப்பட்ட ஒரு ராணுவக் குடியிருப்பில், ரிச்சர்ட் ஹென்றி பிராட் என்ற ராணுவ அதிகாரி 1879இல் தொடங்கிய தொழிற்பள்ளி அது. அதற்கு முன் பிராட், புளோரிடாவின் மேரியன் கோட்டையில், தெற்குச் சமவெளியிலிருந்து சங்கிலியிட்டுக் கொண்டுவரப்பட்ட பூர்வகுடிக் கைதிகளுக்குப் பொறுப்பாளராக இருந்தவர். அவர்களுக்குச் சீருடை கொடுத்து, ஆங்கிலம் கற்பித்து, பூர்வகுடி மக்களை வெள்ளையரைப் போல மாற்றிவிடலாம் என்ற முடிவுக்கு வந்தார். சிறையில் செய்த சோதனையைக் குழந்தைகளிடம் விரிவாக்கியதுதான் கார்லைல் பள்ளி. பூர்வகுடி அடையாளத்தைக் கொன்றால்தான் மனிதனைக் காப்பாற்ற முடியும் என்ற அவருடைய வாதம் இன்றுவரை அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

லகோட்டா குழந்தைகளின் முதல் கூட்டம் 1879 அக்டோபரில் நள்ளிரவு ரயிலில் வந்து இறங்கியது. நீண்ட முடி வெட்டப்பட்டது. கரும்பலகையில் எழுதியிருந்த ஆங்கிலப் பெயர்களில் ஒன்றைக் குச்சியால் தொட்டுக் காட்டச் சொன்னார்கள். தொட்டது அந்தக் குழந்தையின் பெயராயிற்று. லூதர் ஸ்டாண்டிங் பேர் என்று பின்னாளில் அறியப்பட்ட எழுத்தாளர் அப்படித்தான் லூதர் ஆனார். தாய்மொழியில் பேசுவது தண்டனைக்குரிய குற்றம். பாதி நாள் வகுப்பு. மீதி நாள் தச்சு, கொல்லு, தையல், அச்சு வேலை. கோடையில் சுற்றுவட்டாரப் பண்ணை வீடுகளுக்கு வேலைக்கு அனுப்பினார்கள். காசநோயும் பிற தொற்றுகளும் பல குழந்தைகளை அங்கேயே மாய்த்தன.

இந்தப் பள்ளிக்குள் கால்பந்து வந்தது மாணவர்களின் விருப்பத்தால்தான். 1890 வாக்கில் நடந்த ஓர் ஆட்டத்தில் ஒரு மாணவரின் கால் முறிந்ததும் வெளியாட்களோடு ஆடுவதை பிராட் தடை செய்தார். சில காலம் கழித்து மாணவர்கள் சுமார் நாற்பது பேர் அவருடைய அறைக்குச் சென்று தங்கள் கோரிக்கையை முன்வைத்தார்கள். அவர் பேசியதற்கெல்லாம் பதில் சொல்லத் தயாராக வந்திருந்த அந்த இளைஞர்களின் வாதத்திறன் அவரை அசைத்தது. இரண்டு நிபந்தனைகளோடு ஒப்புக்கொண்டார். யார் அடித்தாலும் திருப்பி அடிக்கக் கூடாது. சில ஆண்டுகளுக்குள் நாட்டின் மிகப்பெரிய அணியை வெல்ல வேண்டும். முதல் நிபந்தனை, காட்டுமிராண்டிகள் என்று பார்வையாளர்கள் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக. அதாவது அந்த இளைஞர்கள் ஆடவும் வேண்டும், நடத்தைச் சான்றிதழும் பெற வேண்டும். எதிரணிக்கு இந்தச் சுமை இல்லை.

1896இல் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், பென்சில்வேனியா என்ற நான்கு பெரும் அணிகளையும் ஒரே பருவத்தில் எதிர்கொண்டார்கள். யேலுக்கு எதிரான ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில் கார்லைல் ஆட்டக்காரர் ஒருவர் பிடியிலிருந்து உருவிக்கொண்டு கோல்கோட்டுக்கு ஓடினார். ஆட்டம் ஏற்கனவே நின்றுவிட்டது என்று நடுவர் டச்டவுனை மறுத்தார். அந்த நடுவர் யேலின் பழைய மாணவர். அதே சமயம் கார்லைலின் பயிற்சியாளரும் அவரே. பார்வையாளர்களே கூச்சலிட்டு எதிர்த்தார்கள். கார்லைல் வீரர்கள் திருப்பி அடிக்கவில்லை; களத்தை விட்டு வெளியேறவும் இல்லை. ஆடி முடித்து 12-6 என்று தோற்றார்கள்.

அந்தக் காலத்து ஆட்டம் எடையின் ஆட்டம். மூன்று முயற்சிகளுக்குள் ஐந்து கெஜம் முன்னேறினால் பந்து கையில் நிற்கும். ஆகவே பந்து வைத்திருப்பவரை நடுவில் விட்டு, கனமான ஆட்கள் கைகோத்து, ஆப்பு போல எதிரணியின் ஒரே புள்ளியில் மோதுவார்கள். மறுபடியும் அதே இடத்தில், மறுபடியும். முறைப்படியான தலைக்கவசம் இல்லை. குவியலுக்கு அடியில் என்ன நடக்கிறது என்பது நடுவருக்குத் தெரியாது. 1905 பருவத்தில் மட்டும் நாடெங்கும் பதினெட்டுப் பேர் இறந்ததாக சிகாகோ ட்ரிப்யூன் கணக்குக் காட்டியது. பெரும்பாலோர் பள்ளிச் சிறுவர்கள். அந்த அக்டோபரில் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு அழைத்து ஆட்டத்தைச் சீர்திருத்தச் சொன்னார். பருவம் முடிந்ததும் கொலம்பியா பல்கலைக்கழகம் ஆட்டத்தையே கைவிட்டது. ஸ்டான்ஃபோர்டும் கலிபோர்னியாவும் ரக்பிக்குப் போயின.

1906இன் புதிய விதிகள் இந்த நெருக்கடியில் பிறந்தவை. மூன்று முயற்சிகளில் ஐந்துக்குப் பதில் பத்து கெஜம் முன்னேற வேண்டும். இரு அணிகளுக்கும் நடுவே பந்தின் நீளத்துக்கு வெற்றிடம் இருக்க வேண்டும். பந்தை முன்னோக்கி எறியலாம். ஆனால் எறிவதைச் சுற்றி விதித்த கட்டுப்பாடுகளைப் பார்த்தால், விதி எழுதியவர்களுக்கே அதில் மனமில்லை என்று தெரிகிறது. பந்து புறப்பட்ட இடத்திலிருந்து இடமோ வலமோ ஐந்து கெஜம் விலகிப் போய்த்தான் எறியலாம். இதை நடுவர் சரிபார்க்கவே களத்தில் நெடுக்குக் கோடுகளும் போட்டார்கள். யார் கையிலும் படாமல் தரையில் விழுந்தால் பந்து எதிரணிக்குப் போய்விடும். 1907இல் இது சற்றுத் தளர்ந்து, முதல் இரண்டு முயற்சிகளில் தவறினால் 15 கெஜம் பின்னால் போக வேண்டும் என்று ஆனது. பிடிக்க ஓடுகிறவரை வழியிலேயே இடித்துத் தள்ளுவதற்கோ தடையே இல்லை. பந்தும் இன்றுள்ளதைப் போல ஒல்லியானதல்ல. முற்றாத பூசணி போல நடுவில் பருத்திருக்கும். ஒரு கைக்குள் அடங்காது.

இதையெல்லாம் வைத்துக் கணக்குப் போட்ட பெரிய அணிகளின் பயிற்சியாளர்கள் எறியாமல் இருப்பதே லாபம் என்று முடிவு கட்டினார்கள். அவர்கள் நோக்கில் அது சரிதான். எடை மிகுந்த, ஆள் பலம் மிகுந்த அணிக்கு எதற்கு அந்த ஆபத்து? கார்லைல் அணியினர் பொதுவாக எதிரணியினரைவிட எடை குறைந்தவர்கள். மாற்று ஆட்களும் குறைவு. முட்டி மோதும் ஆட்டத்தில் எப்போதும் ஒரு படி பின்னால்தான் நிற்க வேண்டியிருந்தது. புதிய விதி யாருக்கு மிகவும் தேவைப்பட்டதோ அவர்களே அதை முழுதாகப் படித்தார்கள்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். முதன்முதலில் எறிந்தவர்கள் கார்லைல் அணியினர் அல்ல. எட்டி கோக்கம்ஸ் என்பவரிடம் பயிற்சி பெற்ற செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழக அணியின் பிராட்பரி ராபின்சன் 1906 செப்டம்பரிலேயே விதிக்குட்பட்ட முதல் எறிதலைச் செய்துவிட்டார். அந்த அணி அந்தப் பருவம் முழுவதும் எறிந்தே வென்றது. ஆனால் செயின்ட் லூயிஸ் மத்திய மேற்கில் இருந்தது. நியூயார்க், பாஸ்டன் பத்திரிகைகளின் கண்ணில் படவில்லை. கிழக்கின் கோட்டைகளுக்குள் புகுந்து, அவர்களுடைய சொந்த மைதானத்தில், அவர்களுடைய பட்டதாரிகளின் கண்ணெதிரே, எறிதலும் ஓட்டமும் உதையும் கலந்த ஒரு முழு முறையைக் காட்டியதுதான் கார்லைலின் சாதனை. ஒன்றை முதலில் செய்வதும், அதை வைத்து ஒரு முறையைக் கட்டி எழுப்புவதும் வேறுவேறு வேலைகள். இரண்டாவது வேலை கடினம் என்பது என் எண்ணம்.

பயிற்சியாளர் கிளென் வார்னர், 'பாப்' என்று எல்லோராலும் அழைக்கப்பட்டவர், கார்னெலில் மூன்றாண்டுகள் பணியாற்றிவிட்டு 1907இல் கார்லைலுக்குத் திரும்பியிருந்தார். புதுப்புது உத்திகளில் தீராத ஆசை உள்ளவர். 1903இல் ஹார்வர்டுக்கு எதிராக, ஓர் ஆட்டக்காரரின் சட்டை முதுகில் எலாஸ்டிக் தைத்து, பந்தை அதற்குள் ஒளித்து ஓடவிட்டு டச்டவுன் எடுத்தது அவருடைய யோசனைதான். அவருக்கு இப்போது கிடைத்த ஆட்கள் அந்த யோசனைகளை விஞ்சக்கூடியவர்கள். குவார்ட்டர்பேக் ஃபிராங்க் மவுண்ட் பிளெசன்ட், நியூயார்க் மாநிலத்து டஸ்கரோரா இனத்தவர். ஓட்டமும் தாண்டலும் கைவந்தவர். அடுத்த ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் நீளம் தாண்டுதலிலும் மும்முறை தாண்டுதலிலும் பங்கேற்றார். ஹவுசர் செயன் இனத்தவர். கார்ட்னர் ஓஜிப்வே. ஆல்பர்ட் எக்செண்டைன் டெலவேர் வழிவந்தவர், பிறந்தது இந்தியப் பிரதேசம் என்று அன்று பெயர் பெற்றிருந்த நிலத்தில். அணித்தலைவர் அன்டோனியோ லூபோ கலிபோர்னியாவிலிருந்து வந்தவர். வெவ்வேறு மொழிகள் பேசிய, ஒருவருக்கொருவர் அந்நியரான இனங்களின் பிள்ளைகள். மாற்று ஆட்டக்காரர் வரிசையில் ஜிம் தோர்ப் என்ற இருபது வயது இளைஞர் உட்கார்ந்திருந்தார்; உலகம் அவரை அறிய இன்னும் ஐந்தாண்டுகள் இருந்தன.

அந்தப் பருத்த பந்தை எறிவது எளிதல்ல. உள்ளங்கையில் வைத்து வீசினால் குப்புற உருண்டு, காற்றில் தள்ளாடி, இருபது கெஜத்துக்குள் விழுந்துவிடும். விரல்களைத் தையல் மேல் பரப்பி, தலைக்கு மேலிருந்து விடும்போது மணிக்கட்டைத் திருப்பினால் பந்து தன் நீள அச்சைச் சுற்றிச் சுழல்கிறது. சுழலும் பந்து முனையை முன்னே வைத்துக் காற்றைக் கிழித்துப் போகும். எங்கே விழும் என்று பிடிப்பவர் முன்கூட்டியே கணிக்கலாம். ஹவுசரும் மவுண்ட் பிளெசன்டும் இந்தச் சுழல் வீச்சில் தேர்ந்தார்கள். எக்செண்டைனும் கார்ட்னரும் தோள் மேலாக வரும் பந்தைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓடிப் பிடிக்கப் பழகினார்கள். எறிபவர் ஓடவும் செய்யலாம், உதைக்கவும் செய்யலாம் என்னும்படி ஆட்களை நிறுத்தும் அமைப்பு ஒன்றை வார்னர் வகுத்தார். பந்து எறிபவரின் கையில் இருக்கும் கடைசிக் கணம்வரை மூன்றில் எது வரும் என்று எதிரணிக்குத் தெரியாது. பின்னாளில் நாடு முழுவதும் பரவிய 'சிங்கிள் விங்' அமைப்பின் வித்து இங்கே இருக்கிறது.

பருவத்தின் தொடக்க ஆட்டங்களில் சொல்ல அதிகமில்லை. லெபனான் வேலி 40-0, வில்லனோவா 10-0, சஸ்குஹன்னா 91-0. பென் ஸ்டேட் 18-5, சிராக்யூஸ் 14-6, பக்னெல் 15-0. ஆறு ஆட்டம், ஆறு வெற்றி. பிறகு வந்தது பென்சில்வேனியா ஆட்டம்.

மொத்தக் கணக்கைவிட அந்த ஆட்டத்தின் கெஜக் கணக்கு அதிகம் சொல்லும். கார்லைல் ஏறத்தாழ 400 கெஜம் முன்னேறியது, பென்சில்வேனியா 76. ஹவுசர் எறியப்போவதாகக் காட்டிவிட்டு ஓடினார். ஓடப்போவதாகக் காட்டிவிட்டு எறிந்தார். எதிரணியின் பாதுகாப்பு வரிசை, எறிதலை எதிர்பார்த்துப் பின்வாங்கினால் நடுவில் ஓட்டம் பாய்ந்தது. ஓட்டத்தைத் தடுக்க முன்னே வந்தால் தலைக்கு மேல் பந்து போயிற்று. இன்றைய ஆட்டத்தின் அடிப்படைச் சிக்கலே இதுதான். அந்தப் பிற்பகலில் பென்சில்வேனியா அணி அதை முதன்முறையாகச் சந்தித்தது, விடை கிடைக்கவில்லை. அந்தப் பருவத்தில் பென்சில்வேனியா ஆடிய பன்னிரண்டு ஆட்டங்களில் இது ஒன்றே தோல்வி.

மறுநாள் பத்திரிகைகள் இதை எப்படி எழுதின என்பது தனியாகக் கவனிக்க வேண்டியது. மண்டைத்தோலை உரித்தார்கள், கோடரி தூக்கினார்கள், போர்ப்பாதையில் இறங்கினார்கள், இரத்தத்தில் ஊறிய மூர்க்கம் என்றெல்லாம் சொற்கள் குவிந்தன. பாராட்டிய பத்திரிகைகளும் பூர்வகுடிகளுக்கே உரிய தந்திரம், வேட்டைக்காரரின் உள்ளுணர்வு என்றுதான் பாராட்டின. நடந்தது என்ன? ஒரு விதிப்புத்தகத்தை மற்றவர்களைவிட நுட்பமாகப் படித்தது; பல வாரங்கள் ஒரே எறிதலைத் திரும்பத் திரும்பப் பழகியது; எதிராளியின் கணிப்பை முன்கூட்டியே கணித்து அதற்கு எதிரான நகர்வை வகுத்தது. ஹார்வர்டு மாணவர்கள் இதைச் செய்திருந்தால் அறிவியல் முறை ஆட்டம் என்று எழுதியிருப்பார்கள். அந்தக் காலத்துப் பத்திரிகைகளுக்கு அந்தச் சொல் மிகவும் பிடித்தமானதும்கூட. பூர்வகுடி இளைஞர்கள் செய்தபோது உழைப்பு மறைந்து இரத்தம் மட்டும் தெரிந்தது. இந்தப் பார்வைதான் அந்த அணிக்கு இழைக்கப்பட்ட பெரிய அநீதி என்று நினைக்கிறேன். தவறான நடுவர் தீர்ப்பு ஓர் ஆட்டத்தைத்தான் பறிக்கும். இது ஒரு தலைமுறையின் அறிவையே அவர்கள் கணக்கிலிருந்து நீக்கிவிட்டது.

நவம்பர் 2இல் நியூயார்க்கின் போலோ கிரவுண்ட்ஸ் மைதானத்தில் பிரின்ஸ்டனிடம் 16-0 என்று தோற்றார்கள். மழை, களம் சேறு. நனைந்து கனத்த பந்து விரலில் நிற்கவில்லை. வேகமும் சேற்றில் கரைந்தது. எடை மறுபடியும் ஆட்சிக்கு வந்த நாள் அது. பருவத்தின் ஒரே தோல்வி. அவர்களுடைய முறை உலர்ந்த களத்தையும் உலர்ந்த பந்தையும் எவ்வளவு நம்பியிருந்தது என்பதையும் அது காட்டிவிட்டது.

அடுத்த சனிக்கிழமை கேம்பிரிட்ஜில் ஹார்வர்டு. 1896 முதல் கார்லைல் அங்கே போய்த் தோற்றுத் திரும்பிக்கொண்டிருந்தது. சட்டைக்குள் பந்தை ஒளித்த 1903 ஆட்டத்தில்கூட 12-11 என்று ஒற்றைப் புள்ளியில் தோல்வி. இந்த முறை 23-15. ஹார்வர்டுக்கு எதிரான முதல் வெற்றி, அதுவும் எந்த ஒளிப்பு வித்தையும் இல்லாமல்.

அதற்கடுத்த சனிக்கிழமை, நவம்பர் 16. மினியாபொலிஸ் நகரில் மினசோட்டா பல்கலைக்கழகத்தை 12-10 என்று வென்றார்கள். அந்தத் தேதியை விளையாட்டு வரலாறுகள் ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. அதே நாளில்தான் அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்டு ஓக்லஹோமாவை 46ஆவது மாநிலமாக அறிவித்தார். இந்தியப் பிரதேசம் என்ற பெயர் சட்டத்திலிருந்து மறைந்தது. கிழக்கிலிருந்து விரட்டப்பட்ட இனங்களுக்கு நிரந்தரமாக உங்களுடையது என்று ஒப்பந்தம் எழுதிக் கொடுத்த நிலம் அது. முதலில் அந்தப் பொது நிலத்தைத் தனித்தனித் துண்டுகளாகப் பங்கிட்டார்கள். மிச்சத்தைக் குடியேறிகளுக்குத் திறந்துவிட்டார்கள். பூர்வகுடித் தலைவர்கள் தங்களுக்கென செக்கோயா என்ற தனி மாநிலம் கேட்டு 1905இல் வைத்த கோரிக்கையை வாஷிங்டன் புறக்கணித்தது. கடைசியில் இந்தியப் பிரதேசத்தை ஓக்லஹோமா பிரதேசத்தோடு இணைத்து ஒரே மாநிலமாக்கினார்கள். எக்செண்டைன், தோர்ப், ஹவுசர் ஆகியோரின் சொந்தக்காரர்கள் அந்த இரண்டு பிரதேசங்களில்தான் இருந்தார்கள். அன்று அந்த இளைஞர்கள் பல நூறு மைல் தள்ளி, வடக்கே, ஒரு பல்கலைக்கழக மைதானத்தில் பந்தை எறிந்துகொண்டிருந்தார்கள். அமெரிக்கப் பூர்வகுடிகள் அனைவருக்கும் குடியுரிமை என்ற சட்டம் வர இன்னும் பதினேழு ஆண்டுகள் இருந்தன.

நவம்பர் 23, சிகாகோ. அமோஸ் அலோன்சோ ஸ்டேகின் சிகாகோ பல்கலைக்கழக அணி மேற்கின் வலிமையான அணி, அந்தப் பருவத்தில் தோல்வி காணாதது. ஸ்டேக் எறிதலை அறிந்தவர். அதற்கு மருந்தும் அவரிடம் இருந்தது. ஓரத்து ஆட்டக்காரர்களான எக்செண்டைனும் கார்ட்னரும் புறப்பட்ட உடனே அவர்களை இடித்துக் கீழே தள்ள ஆட்களை நிறுத்தினார். விதியில் தடையில்லை. பிடிக்க ஆளில்லாவிட்டால் எறிந்து என்ன பயன்?

கார்லைலின் பதில் விதிப்புத்தகத்தின் இன்னொரு இடைவெளியிலிருந்து வந்தது. ஒரு கட்டத்தில் எக்செண்டைன் ஹவுசரிடம், பந்தை முடிந்த அளவு நேரம் கையில் வைத்திருக்கச் சொன்னார். பந்து நகர்ந்ததும், தன்னை இடிக்கக் காத்திருந்தவர்களை நோக்கி ஓடாமல் எல்லைக்கோட்டைத் தாண்டிக் களத்துக்கு வெளியே போனார். அவரை விட்டுவிட்டார்கள், வெளியே போனவரை யார் துரத்துவார்கள்? அவர் சிகாகோ அணியின் மாற்று ஆட்டக்காரர்கள் அமர்ந்திருந்த பெஞ்சைச் சுற்றிக்கொண்டு ஓடி, தொலைவில் மறுபடி களத்துக்குள் நுழைந்தார். அதுவரை தன்மேல் பாய்ந்தவர்களிடமிருந்து விலகி விலகிப் பந்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்த ஹவுசர், தனியாக நின்ற எக்செண்டைனைப் பார்த்து எறிந்தார். டச்டவுன். வெளியே போனவர் திரும்பி வந்து பிடிக்கக் கூடாது என்று அன்றைய விதியில் எங்கும் இல்லை. பிறகுதான் எழுதிச் சேர்த்தார்கள். ஹவுசர் மூன்று முறை கோல்கம்பத்துக்கு இடையே உதைத்தும் புள்ளி சேர்த்தார். கணக்கு 18-4.

பதினொரு ஆட்டங்களில் பத்து வெற்றி. 267 புள்ளிகள் எடுத்து 62 கொடுத்திருந்தார்கள். அக்டோபர் கடைசியிலிருந்து ஐந்து சனிக்கிழமைகளில் பிலடெல்பியா, நியூயார்க், கேம்பிரிட்ஜ், மினியாபொலிஸ், சிகாகோ. ஒன்றுகூட சொந்த ஊரில் இல்லை. கார்லைல் சின்ன ஊர். டிக்கெட் வாங்கும் கூட்டம் பெருநகரங்களில்தான் இருந்தது.

டிக்கெட் பணத்தைப் பேசாமல் இந்தப் பருவத்தைப் பேச முடியாது. பெரிய ஆட்டங்களின் வருமானம் விளையாட்டு நிதிக்குப் போயிற்று. அதை நடைமுறையில் கையாண்டவர் வார்னர். பள்ளிக் கட்டிடங்கள் அதில் எழுந்தன. வார்னர் குடியிருந்த வீடும் எழுந்தது. ஆட்டக்காரர்களுக்கு உடுப்பும் மேல்கோட்டும் கிடைத்தன. சிலருக்குக் கைச்செலவுக்கும் பணம் போயிற்று. இதை முதலில் வெளிப்படையாகக் கண்டித்தவர்களில் ஒருவர் பூர்வகுடி மருத்துவரான கார்லோஸ் மொண்டெசூமா. யவபாய் இனத்தவர், கார்லைல் பள்ளியிலேயே மருத்துவராக இருந்தவர், அணியின் பழைய ஆதரவாளர். அணியில் பலர் வகுப்புக்கே போகாதவர்கள், படிப்பு என்ற பெயரில் தொழில்முறை ஆட்டம் நடக்கிறது என்று 1907 இறுதியில் அவர் பத்திரிகையில் எழுதினார்.

மொண்டெசூமாவின் குற்றச்சாட்டில் உண்மை உண்டு. ஆட்டக்காரர்களில் பலர் இருபது வயதைத் தாண்டியவர்கள், எக்செண்டைனுக்கு 23. ஆனால் அந்தக் காலத்துப் பெரிய பல்கலைக்கழகங்களும் ஆட்டக்காரர்களுக்கு மறைவாகப் பணம் கொடுத்தன. ஒரே ஆட்டக்காரர் பல கல்லூரிகளுக்கு மாறி மாறி ஆடினார். எல்லோரிடமும் இருந்த நோய் கார்லைலிடம் மட்டும் கண்ணை உறுத்தியது. அதைவிட முக்கியமான கேள்வி வேறு: அந்த வருமானத்தை ஈட்டியவர்களுக்கு அதன்மேல் எந்த அதிகாரமும் இருந்ததில்லை. 1914இல் ஆட்டக்காரர்களும் மாணவர்களும் அனுப்பிய முறையீட்டின் பேரில் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் கூட்டுக்குழு விசாரணை நடத்தியபோது வார்னரின் கணக்குகளும், அவர் ஆட்டக்காரர்களை நடத்திய விதமும் வெளியே வந்தன. பள்ளியின் கண்காணிப்பாளர் பதவி இழந்தார். வார்னர் 1915இல் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்துக்குப் போய், அங்கும் பெரும் வெற்றிகள் பெற்றார். கார்லைல் அணி அதன்பின் எழவில்லை. 1918இல் ராணுவம் தன் குடியிருப்பை மருத்துவமனைக்காகத் திரும்ப எடுத்துக்கொள்ள, பள்ளியே மூடப்பட்டது.

வார்னரின் பங்கைக் குறைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. அவர் இல்லாமல் அந்த அமைப்பு இல்லை. ஆனால் கார்னெலில் மூன்று பருவங்கள் அதே மூளையோடுதான் அவர் இருந்தார். அங்கே இது நிகழவில்லை. பந்தைச் சுழற்றிய மணிக்கட்டும், பெஞ்சைச் சுற்றி ஓடலாம் என்ற எண்ணமும் ஆட்டக்காரர்களுடையவை. இரண்டும் சேர்ந்ததால் நிகழ்ந்ததை ஒருவர் பெயரில் மட்டும் எழுதுவது தவறு.

அந்த ஒருவருக்குக்கூடப் பொது நினைவில் முழுப் பெருமை கிடைக்கவில்லை. 1913 நவம்பர் 1இல் நாட்டர்டேம் அணி, ராணுவ அகாடமி அணியை எறிதலால் 35-13 என்று வீழ்த்தியது. எறிந்தவர் கஸ் டோரைஸ், பிடித்தவர்களில் ஒருவர் நூட் ராக்னி. நியூயார்க் பத்திரிகைகள் கொண்டாடின. ராக்னி பிறகு புகழ்மிக்க பயிற்சியாளர் ஆனார். 1940இல் அவரைப் பற்றித் திரைப்படமும் வந்தது. எறிதல் ஆட்டம் பிறந்ததே அந்த 1913 பிற்பகலில்தான் என்ற நம்பிக்கை அமெரிக்கர்களிடையே பல தலைமுறைகள் நிலைத்தது. கார்லைல் அதே ஆயுதத்தால் பென்சில்வேனியாவையும் சிகாகோவையும் வீழ்த்தி அப்போது ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. தனக்காகப் பேச ஒரு பழைய மாணவர் சங்கமோ பத்திரிகையோ பணமோ இல்லாமல் மூடப்பட்ட பள்ளி எந்த உரிமையைக் கோர முடியும்? எஞ்சியது அதன் கல்லறைத் தோட்டம். ராணுவத்தின் பொறுப்பில் இருக்கும் அந்த இடத்திலிருந்து குழந்தைகளின் எச்சங்கள் 2017 முதல் தோண்டி எடுக்கப்பட்டு அவரவர் இனத்தாரிடம் ஒப்படைக்கப்பட்டு வருகின்றன. 2024 டிசம்பரில் அந்தப் பள்ளி வளாகத்தை அதிபர் பைடன் தேசிய நினைவிடமாக அறிவித்தார்.

1907 அணியினர் ஆட்டத்தை விட்டுவிடவில்லை. மவுண்ட் பிளெசன்ட் அதே ஊரில் இருந்த டிக்கின்சன் கல்லூரியில் படித்துப் பட்டம் பெற்று, பயிற்சியாளராகவும் ஆனார். கார்ட்னரும் பயிற்சியாளராகப் பணியாற்றினார். எக்செண்டைன் டிக்கின்சனில் சட்டம் படித்தார். கார்லைலில் இளைய ஆட்டக்காரர்களைத் தயார்படுத்தினார், அவர்களில் தோர்ப் ஒருவர். பிறகு ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் 1914 முதல் 1922 வரை தலைமைப் பயிற்சியாளர். அதன்பின் வாஷிங்டன் ஸ்டேட், ஆக்சிடென்டல், ஓக்லஹோமா ஏ அண்ட் எம் என்று கால் நூற்றாண்டுக்கு மேல் பயிற்சியளித்தார். போன இடமெல்லாம் எறியவும் பிடிக்கவும் பழக்கினார். கல்லூரிக் கால்பந்துப் புகழ்மன்றம் 1970இல் அவர் பெயரைச் சேர்த்துக்கொண்டபோது அவருக்கு வயது 86.